ஹெர்லம்பாங் வீட்டு எர்த் வயர்

மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஜாவாவின் சோலோ நகருக்குத் திரும்பிய ஹெர்லம்பாங், ஞாயிறு காலை மேசையைத் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தார். ரெக்கார்டு பிளேயரின் எர்த் வயர் எதிலும் மாட்டாமல் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம், அவர் ஊருக்குக் கிளம்பும் முன், வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டும் பைத்தியங்கள் இங்கேதான் கூடினார்கள். டோஃபு கடை வாலுயோ தன் கையாலேயே கட்டிய ப்ரீஆம்ப்பைக் கொண்டுவந்திருந்தார். ரெக்கார்டின் சன்னமான ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி. எட்டு மாத உழைப்பு. வீட்டுக்காரர்தான் மாட்டித் தர வேண்டும், விருந்தாளி அவர் மேசையில் கைவைக்கக்கூடாது. மாட்டியவர் வானொலி நிலையத்தில் முப்பது வருஷம் இன்ஜினியராக இருந்த இந்தப் பெரிய மனிதர். பாட்டுக்கு மேல் ஒரே இரைச்சல். "என்ன வாலுயோ, உள்ளே டோஃபு கொதிக்குதா?" என்று கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். வாலுயோவும் சிரித்துவைத்தார்.

எர்த் வயர் இல்லாவிட்டால் எந்தப் பெட்டிதான் இரையாது? சீ, இதுகூடவா தெரியாமல் போயிற்று! இன்றைக்கும் கூட்டம் இங்கேதான்; எல்லாரும் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

மத்தியானம் வாலுயோ அதே பெட்டியோடு வந்தார். அண்ணன் சொன்னபிறகு எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்துவிட்டதாக, வந்ததும் வராததுமாக எல்லார் காதிலும் விழச் சொன்னார். ஹெர்லம்பாங் எர்த் வயரோடு சேர்த்து மாட்டினார். இரைச்சல் அடியோடு போயிருந்தது. பழைய கெரொன்சோங் பாட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். வாலுயோவை அல்ல, ஹெர்லம்பாங்கின் காதை.

வழக்கப்படி பெட்டியை அணைத்து, மூடியைத் திறந்து பார்த்தார். போன மாதம் பார்த்த அதே வயர்கள், அதே ஈயப்பற்று. ஒன்றுகூட மாறவில்லை.

வாலுயோ குனிந்து, "மூடிடுங்கண்ணே," என்றார் மெதுவாக. "வயர் தொங்கினதை அன்னிக்கே பார்த்தேன். உங்க வீட்டுல வச்சு உங்ககிட்டயே எப்படிச் சொல்றது?"

"என்னண்ணே மாத்தியிருக்காரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

உண்மை தொண்டைவரை வந்தது. முப்பது வருஷப் பெயர் குறுக்கே நின்றது.

"எல்லாத்தையும்," என்றார் ஹெர்லம்பாங். "நான் சொன்னபடியே பண்ணியிருக்காரு."

வாலுயோ அதற்கும் நன்றி சொன்னார்.