சாதுவான பாம்பு

இம்கேயின் வீட்டில் மூன்று கோப்பை தேநீர் குடிக்காமல் பாம்பைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. இது எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும். எங்கள் வடகடலோரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் மூன்று கோப்பைதான் கணக்கு. ஐம்பத்து நான்கு வருஷமாகக் குடித்துவருகிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு முதல் கோப்பைக்கே இருப்புக் கொள்ளவில்லை.

இம்கே கோப்பையில் கற்கண்டைப் போட்டு, மேலே சூடாகத் தேநீரை ஊற்றினாள். கற்கண்டு படபடவென்று வெடித்தது. ஓரமாக ஒரு கரண்டி பாலேட்டை விட்டாள். அதை அப்படியே குடிக்க வேண்டும், கலக்கக் கூடாது. முதலில் பால், பிறகு கசப்பு, கடைசியில் இனிப்பு என்று அதுவாக வரும். நான் கரண்டியை எடுத்துக் கடகடவென்று கலக்கிவிட்டேன்.

அவள் கரண்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீங்க இந்தப் பக்கத்து ஆளுதானே, ஃபோல்கெர்ட்?"

"ஆமா. பொறந்ததே இங்கதான்."

"பாத்தா தெரியல" என்றாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. மாட்டு வைத்தியரிடம் உதவியாளாக இருந்தவள். அப்பா விட்டுப்போன மாட்டுத் தொழுவத்தில் இப்போது மாடு ஒன்றுகூட இல்லை. சுவர் முழுக்கச் சூடேற்றிய பெட்டிகள், பெட்டிக்கு ஒரு போவா. விஷமில்லாத, இரையைச் சுற்றி இறுக்கும் ஜாதி. குட்டியில் கைவிரல் தடிமன். வளர்ந்தால் இரண்டு மீட்டருக்கு மேல் போகும், முப்பது வருஷம்கூட இருக்கும். அதில் ஒன்றை வாங்கத்தான் நவம்பர் காற்றில் எழுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருந்தேன்.

"ஃபோன்ல சோளப்பாம்பு வெச்சிருக்கேன்னு சொன்னீங்க. பேரு என்ன?"

"ஊலி. மூணு வருஷமாச்சு."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ரொம்ப சாது."

"இப்ப என்ன எடை?"

நான் திருதிருவென்று விழித்தேன். "எடையா? நல்ல எடைதான்" என்று பூசி மெழுகினேன். அவள் தன் கோப்பையை எடுத்து உறிஞ்சினாள்.

ஊலி செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அது என் மகள் தால்கேயின் பாம்பு, விஷமில்லாத சின்ன ஜாதி. பதினாறு வயதில் தன் காசில் வாங்கி வளர்த்தாள். போன வருஷம் படிக்க ஓல்டன்பூர்க் போனபோது என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "அப்பா, வாரத்துக்கு ஒரு எலி. தண்ணி மாத்து. மத்தபடி அதை விட்டுடு" என்றாள். விட்டுவிடுவது என்பது எனக்கு வராத ஒன்று. வீடு வீடாகப் போய் ஹீட்டர் ரிப்பேர் பார்ப்பவன் நான். ஒழுங்காக ஓடும் ஹீட்டரைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும். ஊலியின் பெட்டியில் இன்னும் இரண்டு தெர்மாமீட்டர் வைத்தேன். விளக்கை மாற்றினேன். அது ஒளியும் குகையை இடமிருந்து வலமாக நகர்த்தினேன், மறுநாள் வலமிருந்து இடமாக. சாயங்காலமானால் வெளியே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கால்பந்து பார்த்தேன். அது எலியைத் தொடவில்லை. எலியை மாற்றினேன்.

முதலில் என் கையிலிருந்து நழுவி ஓடிக்கொண்டிருந்த பாம்பு போகப்போக ஓடுவதை நிறுத்தியது. உள்ளங்கையில் கயிறு மாதிரிக் கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபோட்டோ எடுத்து, 'பார், என்னிடம் எப்படிப் பழகிவிட்டது' என்று தால்கேக்கு அனுப்பினேன். அவள் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். அடுத்த பதினைந்தாவது நாள் ஊலி செத்துக் கிடந்தது.

புதைக்க வந்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எத்தனை தடவை வெளிய எடுத்தே?"

"எப்பவாச்சும்" என்றேன்.

பெட்டிக் கண்ணாடியில் நானே ஒட்டிவைத்திருந்த தாளை அவள் படித்தாள். தேதி, நேரம், வெப்பம், வெளியே எடுத்தது, உள்ளே விட்டது எல்லாம் என் கையெழுத்தில், ஒரு நாள் விடாமல்.

"எப்பவாச்சும்னா தினமுமா அப்பா? செத்ததுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல. பொய் சொல்றியே."

அன்றைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஃபோன் செய்தால் "ம்", "சரி", "வேலை இருக்கு". நான் விடாமல் தினமும் கூப்பிட்டேன். கோடையில் எடுப்பதையே நிறுத்திவிட்டாள். அதனால்தான் இந்த யோசனை. ஒரு போவாவை வாங்கி, சாகாமல் வளர்த்து, கிறிஸ்துமஸுக்கு அவள் கண்முன் நிறுத்த வேண்டும். அதைப் பார்த்தால் மனசு மாறி வீட்டுக்குள் வருவாள். எனக்கு வேண்டியது பாம்புகூட இல்லை, அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்தான்.

இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. உறைந்த எலி மூட்டையோடு வண்டிக்காரன் வந்திருந்தான். "இதோ வர்றேன், உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு இம்கே போனாள்.

என்னால் உட்கார முடிந்தால் நான் நானில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி எழுந்து, சமையலறைக்குப் பின்னாலிருந்த கதவைத் திறந்து, தொழுவத்துக்குள் போய்விட்டேன்.

முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு குட்டி கழுத்தை மடக்கிக்கொண்டு, ரேடியேட்டரில் காற்றுத் திறந்துவிட்டது போலச் சீறியது. மூக்கை உரசிக்கொண்டு போனது பாய்ச்சல். பட்டென்று மூடினேன். இரண்டாவது பெட்டியில் இருந்தது இலைக்கடியில் புகுந்து வாலை மட்டும் காட்டியது. ஜன்னலோரம் தனி மேஜையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. விவரம் எழுதிய அதன் அட்டையை இம்கே திருப்பி வைத்திருந்தாள். திறந்தேன். செம்பு நிற வாலோடு ஒரு குட்டி சுருண்டிருந்தது. கையை விட்டேன், சீறவில்லை. தூக்கினேன், நெளியவில்லை. என் மணிக்கட்டில் தலையைச் சாய்த்துவைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான், இதுவேதான் என்று வாய்விட்டே சொன்னேன்.

"கீழ வைங்க அதை."

கதவில் இம்கே நின்றிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க, சும்மா பாக்கலாம்னு... இதையே எடுத்துக்கறேன். என்ன சாது, பாருங்க! என்னை ஒண்ணுமே பண்ணல."

"சாதுவா?" அவள் வந்து இரண்டு கையாலும் குட்டியை வாங்கிப் பெட்டிக்குள் விட்டாள். "அதுக்குத் தெம்பில்ல. அஞ்சு மாசமாச்சு பொறந்து, தானா ஒரு வாய் தின்னல. நான்தான் வாயைத் திறந்து ஊட்டிக்கிட்டிருக்கேன். நோய் ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார், ஆனா பிழைக்குமான்னு சொல்லல. நல்லா இருக்கிற குட்டி புது ஆள் கை பட்டா நாக்கை நீட்டிப் பாக்கும், சீறும், ஓடும், கடிக்கும். ஒண்ணுமே பண்ணலன்னா பழகிடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க. பழகல. போராடுறதை விட்டுடுச்சு."

எனக்கு அந்த ஃபோட்டோ ஞாபகம் வந்தது. உள்ளங்கையில் கயிறு மாதிரிக் கிடந்த ஊலி. அதற்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு என் முகம். தால்கே அனுப்பிய சிவப்பு இதயம். அது செத்துக்கொண்டிருந்தபோது நான் அதைக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊலி செத்துப்போச்சு" என்றேன். "மார்ச்லயே. நான்தான் கொன்னேன்."

"செத்திருக்கும்னு நினைச்சேன்."

"எப்படி?"

"எடையைக் கேட்டதுக்கு முழிச்சீங்க. அதுக்கும் முன்னாடி, டீயைக் கலக்குனீங்க. டீயையே சும்மா விடாத மனுஷன் பாம்பைச் சும்மா விடுவாரா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே தால்கேயைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடியில் ஒட்டிய தாள் வரைக்கும். இம்கே கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியில், "வாங்க, மூணாவது கோப்பை பாக்கி இருக்கு" என்றாள்.

மூன்றாவது கோப்பையை நான் கலக்கவில்லை. கரண்டியைத் தட்டில் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

"பொய் சொன்ன ஆளுக்கு நான் குடுக்கறதில்ல" என்றாள். "ஆனா நீங்களே சொல்லிட்டீங்க. உங்களுக்கு அந்த முதல் பெட்டிதான் சரி. சீறுச்சே, அவ."

"அவளா? என் மூக்கையே பிடுங்கப் பாத்தா!"

"அவகிட்ட உங்க கொஞ்சல் எடுபடாது. அதான் சொல்றேன். பதினாலு நாள் பெட்டியைத் திறக்கக் கூடாது. தண்ணிக் கிண்ணம் மட்டும் மாத்தலாம். கை போகணும், வரணும், அவ்வளவுதான். எலி பதினஞ்சாம் நாள். உங்க மகளுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. வளந்தப்புறம் காட்டலாம்னு..."

"இப்பவே சொல்லுங்க. அப்புறம்தான் பாம்பைப் பையில கட்டுவேன்."

அங்கேயே உட்கார்ந்து தால்கேக்கு எழுதினேன். 'ஒரு போவா வாங்குகிறேன். என்னைக் கண்டால் சீறுகிறது. ஊலி என்னிடம் பழகவில்லை, பலமில்லாமல் கிடந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஃபோட்டோவுக்காக வெட்கப்படுகிறேன்.' அவள் படித்துவிட்டாள் என்று காட்டியது. இம்கே துணிப்பையின் வாயைக் கட்டி, தெர்மோகோல் பெட்டிக்குள் சுடுநீர்ப் பைக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். வழியெல்லாம் எனக்குத் திறந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. மூன்று இடத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். மூன்று இடத்திலும் திறக்காமலே கிளம்பினேன்.

வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். பெட்டிக்கு முன்னால் உட்காருவேன், எழுவேன், சமையலறைக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருவேன். ஃபோனை எடுப்பேன், தால்கேயிடமிருந்து ஒன்றும் வந்திருக்காது, வைப்பேன். கூப்பிடலாமா என்று விரல் துடிக்கும். கூப்பிடவில்லை. அடுத்த வீட்டுக்காரரின் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரை வலியப் போய்க் கழற்றி மாட்டிக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் தெர்மாமீட்டர் அரை டிகிரி குறைவாகக் காட்டியது. வெறும் அரை டிகிரி. அதற்கெல்லாம் பாம்பு சாகாது என்று எனக்கே தெரியும். சென்சாரை ஒரு விரல் நகர்த்தினால் போதும், ஒரு நொடி வேலை என்று பெட்டியின் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். கை முழுசாக உள்ளே போகவில்லை, சுரீரென்றது. கட்டைவிரலில் கடித்துவிட்டு, குகைக்குள் போய், தலையை வெளியே நீட்டிச் சீறிக்கொண்டிருந்தாள். அரைவட்டமாகப் புள்ளி புள்ளியாக ரத்தம் வந்தது. ஊலி ஒரு நாளும் என்னைக் கடித்ததில்லை. அதை நினைத்துக்கொண்டு விரலைச் சப்பியபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. தால்கே.

"என்ன அப்பா, இன்னும் சீறுதா?"

"சீறுது."

"ம்." அப்புறம் கேட்டாள்: "திறந்தியா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என்ன கெட்டுப்போய்விடும், யார் பார்த்தார்கள், கண்ணாடியில் தாள்கூட ஒட்டவில்லை. ஆனால் கட்டைவிரல் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

"திறந்தேன்" என்றேன்.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை. இப்பதான். அரை டிகிரிக்காக. கடிச்சிட்டா."

"கடிச்சிடுச்சா?"

"ரத்தம் வந்துடுச்சு."

"நல்லாவே கடிச்சுதா?"

"ரொம்ப நல்லா."

அந்தப் பக்கத்தில் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கேட்டேன்.

"அப்ப நல்லா இருக்கு" என்றாள். "உன்மேல கொஞ்ச நாள் கோவமா இருக்கட்டும் அப்பா. விட்டுடு."

"இருக்கட்டும்" என்றேன். கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கடிபட்ட கையையும் மற்றக் கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேட்காமல் இருந்தேன்.

"உன்னை நம்ப முடியாது" என்றாள் தால்கே. "தண்ணியை ரொப்பி வெச்சுட்டு, கதவை டேப் போட்டு ஒட்டு. சனிக்கிழமை நான் வந்து பிரிக்கிறேன்."

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். கை போனது, வந்தது. கருவிப் பெட்டியிலிருந்து அகலமான டேப்பை எடுத்து, கதவின் இடுக்கு நெடுக, மேலிருந்து கீழாக ஒட்டினேன். அன்றைக்குப் புதன்கிழமை.