முதுகு காட்டிய நிழற்குடை

வார்டு மக்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பாத்துக்கலாம்’. முகத்துக்கு நேரே கவுன்சிலர் சார். அவர் தெருமுனை திரும்பியதும் பாத்துக்கலாம். சாக்கடை அடைத்துக்கொண்டாலும் பாத்துக்கலாம், தெருவிளக்கு கண்ணடித்தாலும் பாத்துக்கலாம். நெருக்கிப் பிடித்தால் “பேசியிருக்கேன்” என்பார். கழுத்தைப் பிடிக்காத குறையாகக் கேட்டால் “ஃபைல் நகருது” என்பார். மூன்று தேர்தலில் ஜெயித்துப் பதினைந்து வருடம் கவுன்சிலராக இருந்தவருக்கு இந்த மூன்று வாக்கியங்களே போதுமானதாக இருந்தன.

மூன்று தேர்தலுக்கும் வாக்குறுதிகூட ஒன்றேதான்: ஆஸ்பத்திரிச் சாலை பஸ் நிறுத்தத்துக்கு ஒரு நிழற்குடை. நிறைவேறாத வாக்குறுதிக்கு ஆயுசு கெட்டி என்பது அவர் அனுபவம். ஆனால் நான்காவது தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, யார் செய்த சதியோ, நிழற்குடையைக் கட்டி முடித்தேவிட்டார்கள்.

அதுவும் நல்லதுக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இந்த முறை எதிர்த்து நிற்பவர் மருந்துக்கடை அம்மா. வார்டில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யாருக்கு எவ்வளவு பிரஷர் என்பது அந்த அம்மாவுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவரை ஜெயிக்க வேண்டுமானால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது காட்டியாக வேண்டும். கத்தரிக்கோலும் கையுமாகத் திறப்புவிழாவுக்குப் போய் இறங்கினார்.

இறங்கியவர் ரிப்பனை வெட்டாமல் நின்றுவிட்டார்.

நிழற்குடை சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி மதில்சுவரைப் பார்த்து நின்றது. மூன்று பக்கமும் தகரம். திறந்திருந்த ஒரே பக்கத்தில் சுவர். உள்ளே உட்கார்ந்தால் பஸ் தெரியாது. பஸ் ஓட்டுகிறவருக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது.

“என்னய்யா இது?” என்றார் எஞ்சினியரிடம். எதிரே போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததால் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார்.

“வரைபடத்துல உள்ளபடிதான் சார்.”

“ரோடு எந்தப் பக்கம்னு அம்புக்குறி போட வேண்டாமா?”

“போட்டிருந்தோம் சார். அதுமேலதான் நீங்க கையெழுத்துப் போட்டீங்க.”

அவருடைய கையெழுத்து சாமானியமானதல்ல. நான்கு சுழி, இரண்டு கோடு, கடைசியில் ஒரு வால். அதற்கடியில் ஓர் அம்புக்குறி என்ன, ஒரு தெருவே காணாமல் போகும். அம்புக்குறி தெரியாவிட்டால், கவுன்சிலர் கையெழுத்து எந்தப் பக்கம் நேராக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வரைபடத்துக்கு மேல் என்பது எஞ்சினியர் அலுவலகத்தின் பழைய வழக்கம். அன்றைக்குக் காதில் போனை வைத்துக்கொண்டு, மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நீட்டிய காகிதத்தில் நீட்டியபடியே கையெழுத்துப் போட்டது அவருக்கு நினைவு வந்தது. நேராகக் கொடுத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. பதினைந்து வருடமாக எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் “நல்லா வந்திருக்கு” என்று தலையாட்டுவாரே தவிர, எது கதவு எது கக்கூஸ் என்று அவருக்குத் தெரியாது.

“திருப்பி வெச்சிருங்க.”

“நாளையிலேர்ந்து தேர்தல் விதி சார். முடியற வரைக்கும் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு மனைவி மழையில் நனைந்த செருப்போடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். ஏழு நாற்பது பஸ்ஸில் போகிறவள்.

“உங்க நிழற்குடையில உக்காந்திருந்தேங்க. சுவரு நல்லாயிருக்கு. பஸ் போயிருச்சு.”

“பாத்துக்கலாம்மா.”

“நீங்களே வந்து பாருங்க. எங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியலையே.”

அதனால்தான் அடுத்த நாள் ஏழரைக்கே குடையும் கையுமாகச் சாலையோரம் போய் நின்றார். ஒருநாள் மனைவியை ஏற்றி அனுப்பிவிட்டால் வீட்டில் சோறு நிச்சயம் என்பதுதான் திட்டம். பழியைக் கான்ட்ராக்டர் தலையில் கட்டுவது திட்டத்தின் இரண்டாம் பாகம்.

உள்ளே எட்டிப் பார்த்தால் பெஞ்சில் மனைவியோடு ஏழெட்டுப் பேர். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நர்ஸ்தான் ஆரம்பித்தாள்.

“எந்தப் புத்திசாலி சார் இதை இப்படிக் கட்டினது?”

‘கான்ட்ராக்டர்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார். அவள் சுவரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு வாயில் வந்த சொல் உள்ளே போய்விட்டது.

“நான்தாம்மா. படத்தைத் தலைகீழா வெச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்குப் படம் பாக்கத் தெரியாது.”

பெஞ்சில் இருந்த லாரி மெக்கானிக் ஒருவர் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தார், பெஞ்சே குலுங்கியது.

“பதினஞ்சு வருஷத்துல உங்க வாயிலேர்ந்து வந்த முதல் நெசம் சார் இது!” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்று மத்தியானத்துக்குள் விஷயம் மருந்துக்கடைக்குப் போய்விட்டது. மறுநாள் ‘தலைகீழ் கவுன்சிலர் வேண்டுமா?’ என்று நோட்டீஸ் அடித்து, இருமல் மருந்து வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஒன்று சுற்றிக் கொடுத்தார்கள்.

பிரச்சாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான். “மாமா, தோக்கறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா? இன்னும் பன்னெண்டு தெரு பாக்கி. காலையிலதான் ஆளுங்க வீட்ல இருப்பாங்க. நீங்க என்னடான்னா தினமும் பஸ்ஸுக்குக் கை காட்டிட்டு நிக்கறீங்க.”

“எட்டே காலுக்கு ஒரு வண்டி இருக்குடா. அதை அனுப்பிட்டு வந்திடறேன்.”

“போன தேர்தல்ல இருநூறு ஓட்டுலதான் தப்பிச்சீங்க. ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. தோற்றுவிட்டால் காலையில் எழுந்து என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஆனால் அவர் நகர்ந்தால் பஸ் நிற்காது. சாலையைப் பார்க்க முடியாதவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு அவர்மேல்தான் வந்து விழுந்தது. நர்ஸ் தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்றாள். “பேசியிருக்கேன்” என்று ஆரம்பித்தவர், நாளைக் காலையிலும் இதே நர்ஸ் இதே பெஞ்சில் இருப்பாள் என்பது உறைத்து, நிஜமாகவே போனை எடுத்துப் பேசினார். மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. மின்சாரப் பிரிவில் இருந்தவர்களே ஆடிப்போனார்கள்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு மருந்துக்கடை அம்மாவே ஓட்டுக் கேட்க வந்து பெஞ்சில் உட்கார்ந்து நோட்டீஸ் நீட்டினார்.

“எட்டே கால் வருது! எல்லாம் எந்திரிங்க!” என்று வெளியிலிருந்து கவுன்சிலரின் குரல் வந்தது. “மருந்துக்கடையம்மா, நீங்களும் ஏறிக்குங்க, உங்க கடை வழியாத்தான் போகுது!”

“ஓட்டுக் கேக்க வந்தவளை வண்டி ஏத்தி அனுப்பறீங்களா?” என்றார் அந்த அம்மா. என்றாலும் ஏறிக்கொண்டார், மழை அப்படி.

கவுன்சிலர் முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார். மைத்துனன் பட்டாசு வாங்க ஓடினான். அவர் மனைவி பக்கம் குனிந்தார்.

“நீ யாருக்குப் போட்டே?”

“முப்பத்தொண்ணுல ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க ஜெயிச்சிருப்பீங்க. சும்மா இருங்க.”

பதவியேற்றதும் முதல் வேலையாக நிழற்குடையைத் திருப்பி வைக்க உத்தரவு எழுதினார். படத்தை நான்கு தடவை சுற்றிப் பார்த்து, அம்புக்குறியிலிருந்து ஒரு சாண் தள்ளி, எறும்பளவு கையெழுத்தாகப் போட்டார். அதற்குள் பெஞ்சுக்காரர்களிடமிருந்து மனு வந்துவிட்டது: திருப்ப வேண்டாம், இந்தப் பக்கம் சாரல் அடிக்கவில்லை, பேச்சுத்துணைக்கும் நன்றாக இருக்கிறது. மனுவோடு நிற்காமல் மெக்கானிக் ஒரு பழைய லாரிக் கண்ணாடியைக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு மதில்சுவரில் சாய்த்து மாட்டிவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சாலை முழுக்கத் தெரிந்தது. ஓட்டுநர்களும் மூன்று வாரத்தில் அங்கே நிறுத்திப் பழகியிருந்தார்கள்.

இனி அவர் தேவையில்லை. நல்ல செய்திதான். மறுநாள் காலை ஏழரைக்கு, கால் பழக்கத்தில் போய்விட்டதாகத் தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, குடையோடு பெஞ்சின் ஓரத்தில் நின்றார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. தூரத்தில் ஏழு நாற்பது திரும்புவது அதில் துல்லியமாகத் தெரிந்தது. கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

நர்ஸ் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“சார், பஸ் வருதான்னு கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன்.”

பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி மட்டும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கவுன்சிலர் குடையை விரித்துக்கொண்டு சாலைக்கு இறங்கினார்.