அலமாரிக்குள் இருந்த திட்டம்

மூன்றாம் வகுப்பில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். எப்போது வெடிப்பாள் என்று யாருக்கும் தெரியாது. பென்சில் பெட்டி பறக்கும். பக்கத்துப் பிள்ளையின் கையில் பல் பதியும். "இன்னொரு தடவை யாருக்காவது அடிபட்டா வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்கம்மா" என்று தலைமையாசிரியர் அவள் அம்மாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வகுப்பு டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதம் தவணை வாங்கினாள். இரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினாள். கோபம் வந்தால் பட்டாசு ஒரு சிவப்பு அட்டையை டீச்சர் மேசையில் வைப்பாள். யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அவள் தண்ணீர்க் குழாய்வரை போய் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வருவாள். அவ்வளவுதான்.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் சிரித்தார். "எங்க வீட்டுக்காரிக்கும் ஒரு அட்டை வெட்டிக் குடுங்க டீச்சர்."

"அவங்க வச்சாலும் நீங்க வாயை மூடணுமே சார்!"

டீச்சரும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அன்றே திட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு குழந்தையின் கதை வெறும் வாய்க்கு அவலாக வேண்டாம் என்று நினைத்தாள்.

பத்தொன்பது நாள் ஓடியது. அட்டை பதினொரு முறை மேசைக்கு வந்தது. யார்மேலும் ஒரு கீறல் இல்லை. "வீட்லயும் ஒண்ணு வெட்டி வச்சிருக்கேன் டீச்சர். நேத்து நான்தான் அதை எடுத்து வச்சேன்" என்று அம்மா வெட்கத்தோடு சொன்னாள்.

இருபதாம் நாள் டீச்சர் பல் பிடுங்கப் போனாள். அந்த வாரம் சேர்ந்த தற்காலிக டீச்சர் வகுப்புக்கு வந்தாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் நடந்ததைச் சொன்னார். பட்டாசு அட்டையை வைத்தாள். "பாடம் நடக்கும்போது என்ன விளையாட்டு?" என்று புதியவள் திருப்பிக் கொடுத்தாள். பட்டாசு மறுபடி வைத்தாள். 'விட்டுடுங்க மிஸ்' என்று பிள்ளைகள் கத்தியது சத்தத்தோடு சத்தமாகப் போயிற்று. புதியவள் அட்டையைக் கிழித்தாள். நாற்காலி பறந்தது. முன்வரிசைப் பிள்ளைக்கு நெற்றியில் மூன்று தையல்.

"அந்தப் புது டீச்சர்கிட்ட யாரும் சொல்லலையா?"

"எழுதி வச்சிருந்தேன் சார்."

"எங்க?"

டீச்சரின் கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது.

அலமாரியிலிருந்து அவள் எடுத்து நீட்டிய இரண்டு பக்கத்தையும் அவர் நின்றபடியே படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "ஆனா தையல் போட்ட பிள்ளையோட அப்பா வெளிய உக்காந்திருக்கார். நான் அவருக்கு என்னன்னு சொல்ல?"

மதியம் அம்மா வந்து பட்டாசின் பையை எடுத்துக்கொண்டாள். டீச்சரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நான் ரெண்டு தடவை வச்சேன் டீச்சர். சரியாத்தானே செஞ்சேன்?"

"நீ சரியாத்தான் செஞ்சே கண்ணு. நான்தான்..."

பட்டாசு சட்டைப்பையிலிருந்து இரண்டு சிவப்புத் துண்டுகளை எடுத்தாள். விளிம்போடு விளிம்பு சேர்த்து மேசையில் வைத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் தண்ணீர்க் குழாய்வரை போனாள். முகம் கழுவினாள். பிறகு வகுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.