தங்கூசித் தடம்

ஏச்சுக்குப் பயந்தவள் எண்டு என்னை ஆரும் சொல்லமாட்டினம். முல்லைத்தீவுக் கரையில இந்தப் புனிதத்தின்ர வாய்க்குப் பயப்பிடாத வள்ளக்காரச் சம்மாட்டி இல்லை. ஆனால் அறுபத்திரண்டாம் ஆண்டு ஒரு டொக்டருக்கு முன்னால வாயை மூடிக்கொண்டு நிண்டனான். அதால என்ர மனுசன்ர பெருவிரல் போகப் பாத்தது.

இவர் கிறகோரி, வீச்சுவலைக்காரன். வலது பெருவிரலில மிளகளவு சிவப்புக் கட்டி ஒண்டு வந்தது. வலை உரஞ்ச உரஞ்ச ரத்தம் கசியும். எங்கட கரையில மரு வந்தால் மீன்பிடிக்கிற தங்கூசி நூலால இறுக்கிக் கட்டுவம், வாடி விழுந்திடும். நானும் கட்டினன். இது விழேல்லை. நாலாம் நாள் ஒரு பக்கம் கறுத்துப்போச்சு. பயந்துபோய் நூலை அறுத்தெறிஞ்சுபோட்டு, வெளியூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன்.

ஏதும் மருந்து மாயம் செய்தனீங்களோ எண்டு டொக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னால் ஏசிக் கிழிச்சுப்போடுவார். இவர் என்னைப் பாத்தார், நான் நிலத்தைப் பாத்தன். "இல்லை ஐயா" எண்டார் இவர். கறுத்த கட்டி, கெதியில வளர்ந்தது, ரத்தமும் வருது. புற்றாயிருக்கும், விரலை எடுக்கவேணும், திங்கட்கிழமை வாங்கோ எண்டு சொல்லிப்போட்டார். அவரில பிழை சொல்ல ஏலாது.

பெருவிரல் இல்லாதவன் வலையை எப்பிடி எறியிறது? எனக்கு அடுப்பு மூட்டவும் மனம் வரேல்லை. சனிக்கிழமை காலமை, எங்கட ஊர் டிஸ்பென்சரியில மருந்து குடுக்கிற அப்போதிக்கரி மஹ்றூப்பிட்டை இவரை இழுத்துக்கொண்டு போனன்.

அவர் கட்டியில ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, மேல மெல்லிய கண்ணாடித் துண்டை வைச்சார். எண்ணெய் விட்டால் தோலின்ர மினுக்கம் போய் உள்ளுக்கை தெரியுமாம். மணிக்கூடு திருத்திறவை கண்ணில மாட்டுற பூதக்கண்ணாடியால கனநேரம் பாத்தார். பிறகு என்னையும் பாக்கவிட்டார். உள்ளுக்கை மாதுளம் முத்துகள் மாதிரிச் சிவப்புச் சிவப்பாய்க் கிடந்தது. நாங்கள் பயந்த கறுப்பும் கறுப்பில்லை, கடுஞ்சிவப்பு.

"தங்கச்சி, இது ரத்தக்குழாய்க் கட்டி போலதான் கிடக்கு. கறுத்தது உறைஞ்ச ரத்தம். ஆனால் அடியைச் சுத்தி ஒரு தடம் இருக்கு. என்னத்தால கட்டினீங்கள்?"

"தங்கூசியால. நான்தான் கட்டினனான்" எண்டு சொல்லி அழுதுபோட்டன்.

அவர் ஏசேல்லை. நூல் இறுக்கினதாலதான் ரத்தம் உறைஞ்சு கறுத்ததாம். முடிவு சொல்லத் தனக்கு ஏலாதெண்டும், முதல்ல கட்டியை மட்டும் எடுத்துச் சோதிச்சுப் பாக்கச் சொல்லியும், படமும் கீறி பெரியாஸ்பத்திரி டொக்டருக்கு ஒரு கடிதம் தந்தார்.

திங்கட்கிழமை டொக்டர் அதை வாசிச்சுப்போட்டு என்னைக் கேட்டார். ஒண்டும் ஒளிக்காமல் சொன்னன். வயிறு நிறைய ஏச்சு வாங்கினன். ஆனால் கட்டியை மட்டும்தான் வெட்டினார். ரெண்டு கிழமையால சோதினை முடிவு வந்தது. புற்றில்லை, வெறும் ரத்தக்குழாய்க் கட்டி.

திரும்பி வரேக்கை பஸ்ஸில கேட்டன், அண்டைக்கு ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள் எண்டு.

"உன்ர கைப்பிழையால விரல் பழுதாப்போச்செண்டு டொக்டர் சொன்னால், நீ காலமெல்லாம் அழுவாய். விரல் போனாலும் அது என்னோட போகட்டும் எண்டு நினைச்சன்."

ஒரு ஏச்சுக்குப் பயந்து நான் குடுக்கப் பாத்த விரல் அது. ஊர் வருமட்டும் அந்தக் கையை நான் விடேல்லை.