கெரிட்டின் கைவலை

"தூண்டில் நரம்பு இவ்வளவு தடியா இருந்தா மீன் சிரிக்கும்."

"மீன் சிரிக்குமா? போடா."

"தண்ணியைப் பாரு ட்ரூடி. அடியில கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். உனக்கு மீன் தெரியுதுன்னா, மீனுக்கு நீ தெரியமாட்டியா?"

"அப்ப என்னைப் பார்த்துதான் எல்லாம் ஓடுதுன்னு சொல்றியா?"

"நான் ஓடலையே."

அதைச் சொன்னபோது கெரிட்டுக்குப் பதினேழு வயது. சொல்லிவிட்டு, காது சிவக்க, மண்புழு டப்பாவுக்குள் எதையோ தேடினான். எனக்குப் பதினாறு. நான் தூண்டிலை மறுபடி வீசினேன்.

பிறகு நான் நகரத்தில் ஒருவரை மணந்தேன். அவன் ஏரிக்கரையிலேயே ஒருத்தியை மணந்தான். இருவருக்கும் நல்ல வாழ்க்கைதான். என் கணவர் போய் ஆறு வருடம், அவன் மனைவி போய் ஏழு. அக்கா வில்மாவின் கோடை வீடு இந்த ஏரிக்கரையில் இருந்ததால், ஜூன் மாதத்தில் ஒரு வாரம் வருவேன். வந்தால் காலையெல்லாம் கெரிட்டின் அலுமினியப் படகில்தான்.

பதினொரு மணி வரை இங்கே விசைப்படகுகள் வேகம் எடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஏரி எங்களுடையது அல்ல. நீர்ச்சறுக்குப் பலகைகள், பாட்டு, பிள்ளைகளின் கூச்சல். நாங்கள் கரைக்குத் திரும்பி, அவன் சமையலறையில் பிடித்த புளூகில் மீன்களை மாவில் புரட்டிப் பொரித்துத் தின்போம். ஆறு ஜூன்களாக அவனிடம் கேட்க ஒன்று வைத்திருந்தேன். நாளைக்குக் கேட்கலாம் என்று வாரம் முடிந்துவிடும்.

இந்த ஜூனில் வில்மா வீட்டை விற்றுவிட்டாள். நாளை சாவி கைமாறுகிறது. இனி இங்கே வர எனக்கு ஒரு சாக்கும் கிடையாது.

கடைசிக் காலை. நாணல் ஓரத்து மணலில் புளூகில்கள் முட்டையிட்ட வட்டக் குழிகள், தட்டுகளை அடுக்கி வைத்ததுபோல் தெரிந்தன. அங்கே தூண்டில் போட்டால் அவனுக்குக் கோபம் வரும், தள்ளிப் போட்டேன். தக்கை அமிழ்ந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புளூகில். இழுத்துக்கொண்டிருந்தபோதே பாசிக்குள்ளிருந்து பாஸ் என்னும் பெரிய வேட்டை மீன் ஒன்று பாய்ந்து அதைக் குறுக்காகக் கவ்வியது. கம்பு வில்லாக வளைந்தது.

"சுண்டாத! அது முள்ளுல மாட்டல. இரையை விட மனசில்லாம கூடவே வருது, அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியும், சத்தம் போடாத."

எங்களுக்குள் ஒரு பழைய சட்டம் உண்டு. தூண்டில்காரர் வாய்விட்டுக் கேட்டால்தான் மற்றவர் மீனை அள்ளக் கைவலையை நீட்டலாம். கேட்டவர் அன்றைய மீன் முழுவதையும் செதில் எடுக்க வேண்டும். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பாஸ் படகோரம் வந்துவிட்டது. அதன் கண் தெரிந்தது. கெரிட்டின் கை வலைப்பிடியை இறுக்கியது.

"கேளு, ட்ரூடி."

"கேட்டா உனக்கு ரொம்பக் கொண்டாட்டமா இருக்கும்."

"ஐயோ, கேளேன்!"

பாஸ் வாயைத் திறந்தது. விட்டுவிட்டது. அவசரமே இல்லாமல் கீழே போனது. அந்தத் தெளிந்த தண்ணீரில் அது போன வழி முழுவதும் எங்களுக்குத் தெரிந்தது. செதில் உரசிப்போன புளூகில் மட்டும் முள்ளில் துடித்தது. கெரிட் அதை மெதுவாகக் கழற்றித் தண்ணீரில் விட்டான்.

"அஞ்சு பவுண்டு இருக்கும்," என்றான்.

"நாலு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நான்தான் கேக்கவே மாட்டேனே."

"ஆமா," என்றான், சிரிக்காமல். "அதைத்தான் இத்தனை வருஷமா பார்த்துட்டிருக்கேன்."

அக்கரையில் விசைப்படகுகள் உறுமத் தொடங்கின. பதினொன்றுக்கு இன்னும் ஐந்து நிமிடம். அவன் துடுப்பை எடுத்தான்.

"கெரிட், அதைக் கீழ வை."

வைத்தான்.

"நாளைக்கு நான் ஊருக்குப் போகல. உன் வீட்ல இருந்துக்கட்டுமா? ஒரு வாரத்துக்கு இல்ல. இனிமே எப்பவும்."