எட்டு எம்.எம். விசுவாசம்

போடிநாயக்கனூரில் மொக்கச்சாமியின் கையை நம்பி ஏலக்காய் வாங்குகிறவர்கள் உண்டு. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் உருட்டுவார். ஒரு காயை நகத்தால் பிளந்து மோந்து பார்ப்பார். எந்த எஸ்டேட்டுக் காய், எவ்வளவு ஈரம், சாயம் ஏற்றியதா இல்லையா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். ஒரே கமிசன் கடையில் இருபத்தாறு வருசமாகச் சாம்பிள் பார்க்கிற சோலி. அதில் அவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மனிதர்களையும் பிளந்து பார்த்துத் தரம் சொல்லுவார். பெரும்பாலும் எவரும் தேறுவதில்லை.

அவருடைய சல்லடையில் நிற்காமல் கீழே விழுந்த தூசி என்றால் அது சின்ராசுதான். மலைமேல் எஸ்டேட் ஸ்டோரில் காய் உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த ஆள், திடீரென்று ஒருநாள் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு பாஸ்டர் ஆகிவிட்டார். தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மைக்செட்டு, ஒரு டிரம். ஞாயிற்றுக்கிழமையானால் முப்பது நாற்பது பெண்கள் கண்ணை மூடிக் கையைத் தூக்கி, எவருக்கும் விளங்காத அந்நியபாஷையில் பொழிந்து தள்ளினார்கள். விறகு தள்ளின பயலுக்கு வேதம் எப்படித் தெரியும் என்று மொக்கச்சாமி கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்டார். அவனவனுக்கு அவனவன் லோடு.

அந்தப் பெண்களில் ஒருத்தி மொக்கச்சாமியின் மனைவி முத்துப்பேச்சி என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவள் அதே எஸ்டேட்டில் காய் எடுக்கிறவள். வாரம் முழுக்க லைன் வீட்டில் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்கி வருவாள். ஞாயிறு முழுக்க வீட்டில் இருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். நாலு வருசமாக அவளுடைய ஞாயிறு கர்த்தருக்குப் போய்விட்டது. மாசத்தில் ஒருநாள், எஸ்டேட்டில் வேலை இல்லாத நாளாகப் பார்த்து இறங்கி வந்தாள். காதில் தோடு இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. சோறாக்கினாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சண்டைகூடப் போடவில்லை. அதுதான் அவரைத் தின்றது. கழற்றிய தோட்டை ஒரு சாம்பிள் கவருக்குள் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனவள், பிறகு அதைத் தொடவேயில்லை. அந்தக் கவர் இன்னும் அவர் பீரோவில் இருக்கிறது.

இந்த நிலையில்தான் இனியவன் வந்து சேர்ந்தான். கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயசு, ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒரு கைப்பிடிக் கூட்டமாக இருந்து எப்படி ஒரு சாம்ராஜ்யத்தையே பிடித்தார்கள், அதற்கு மனித மூளையின் அமைப்பு எவ்வளவு காரணம் என்று கண்டுபிடிக்கப் போகிறானாம். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கொரிந்து பட்டணத்துக் கூட்டத்தை இப்போது போய்ப் பார்க்க முடியாதாம். அதனால் அதே மாதிரி கூட்டமாக, ஏழைகளாக, வீட்டுச் சபையாகத் தேடித் தேடி இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்துவிட்டான். ஜீப்புக்கு விசாரித்துக் கடை வாசலில் நின்றவனை மொக்கச்சாமி விடவில்லை. "நானே கூட்டிட்டுப் போறேன் தம்பி, எங்க வீட்டுக்காரி அங்கதேன் ஆடுறா" என்றார். ஞாயிறு காலையில் கிளம்புவதற்கு முன் பீரோவைத் திறந்து, தோட்டுக் கவரை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு திட்டம் இருந்தது.

ஜீப் போடிமெட்டு வளைவுகளில் ஏற ஏற இனியவன் விளக்கினான். "புதர்ல சலசலன்னு சத்தம் கேட்டா, காத்துன்னு நினைச்சவன் செத்தான் சார். புலின்னு நினைச்சு ஓடினவன் பிழைச்சான். ஓடினவனோட வாரிசுதான் நாம. அதனால யாருமே இல்லாத இடத்துலயும் யாரோ இருக்காங்கன்னு நம்ம மூளை சொல்லும். சாமி அங்கிருந்துதான் ஆரம்பிக்குது."

"தேவாரம் ஊருப் பக்கம் போயி இதச் சொல்லிறாதீக. அங்க சலசலங்குறது ஆனைதேன்."

இனியவன் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனான். எல்லோரும் சேர்ந்து பாடினால் வலி தெரியாது; ஒருவர்மேல் ஒருவருக்குப் பாசம் வரும். நகையைக் கழற்றுவது, பொட்டை அழிப்பது எல்லாம் தன் பக்தி வேசமில்லை என்று மற்றவர்களுக்குக் காட்டுகிற அடையாளம். ரோமாபுரியில் கொள்ளைநோய் வந்தபோது சொந்தக்காரர்களே நோயாளியைத் தெருவில் போட்டுவிட்டு ஓடினார்கள். இந்தக் கூட்டம் மட்டும் ஓடாமல் நின்று தண்ணீரும் கஞ்சியும் ஊற்றியது. "அந்தக் காலத்துல மருந்து கிடையாது சார். கஞ்சி கொடுத்தாலே நிறையப் பேரு பிழைச்சிருப்பாங்க. பிழைச்சவங்க அதை அற்புதம்னு நினைச்சாங்க."

மொக்கச்சாமிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "அப்ப கஞ்சிக்கு வெலபோன கூட்டம்னு சொல்லுங்க!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். மேலே போய்ச் சேருவதற்குள் அதையே மூன்று தடவை சொல்லிச் சிரித்துவிட்டார்.

"ஆக அம்புட்டும் மூளைக் கோளாறு."

"கோளாறுன்னு சொல்லல சார். இயல்பு."

"சரி, இயல்பாவே கோளாறு. அத ஒரு பேப்பர்ல எழுதிச் சீல் வச்சுக் குடுத்துருவீகள்ல?"

இனியவன் அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டான். படித்த பிள்ளைகளுக்கு எது விளையாட்டு, எது வினை என்று தெரிவதில்லை. மொக்கச்சாமி சீரியசாகத்தான் கேட்டார். சாம்பிள் கொடுத்தால் தரம் எழுதிய சீட்டு வரும். அவருக்குத் தெரிந்த உலகம் அதுதான். மனைவியைச் சாம்பிளாக வைப்பார். படித்தவன் பிளந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை, பதர் என்று எழுதிக் கொடுப்பான். அதை அவளிடம் நீட்டி, கூடவே தோட்டையும் நீட்டினால், மறு ஞாயிறு அவள் வீட்டில் இருப்பாள். இதுதான் திட்டம்.

கொட்டகையில் முதல் பிரச்சினை கைப்பட்டியில் வந்தது. ஜெபத்தின்போது நாடித்துடிப்பை அளக்க இனியவன் பதினாலு கறுப்புப் பட்டிகள் கொண்டுவந்திருந்தான். வளையலைக் கழற்றியவர்கள் பட்டி கட்டலாமா என்று பெண்கள் கேட்டுவிட்டார்கள். சின்ராசு கண்ணை மூடி ஐந்து நிமிசம் ஜெபித்தார். பிறகு, மினுக்காத எதுவும் அலங்காரம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். மொக்கச்சாமி வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

ஜெபம் ஒருவழியாக முடிந்தது. அடுத்தது கேள்வித்தாள். அச்சடித்த தமிழ்தான், ஆனால் அங்கே ஒருத்திக்கும் புரியவில்லை. "ஆவிக்குரிய அனுபவத்தின்போது தங்களது தன்னுணர்விழப்பின் தீவிரத்தை ஒன்று முதல் ஏழு வரையிலான அளவுகோலில் மதிப்பிடுக" என்று இனியவன் வாசித்ததும், முதலில் உட்கார்ந்திருந்த குருவம்மாள், தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதைப் போலச் சின்ராசுவைப் பார்த்தாள். மொக்கச்சாமி தாளைப் பிடுங்கிக்கொண்டார். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற உத்தியோகம் இப்படித்தான் அவருக்கு வந்தது.

"ஏத்தா, ஆவி எறங்குதுங்குறீகள்ல, அது எத்தன எம்.எம். இருக்கும்?"

எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. காய் எடுக்கிறவளுக்குச் சல்லடைக் கணக்குத் தெரியாதா? ஆறு எம்.எம். என்றால் பொடி, ஏழு என்றால் பரவாயில்லை, எட்டு என்றால் முதல் தரம். "எட்டு எம்.எம்.தான்" என்றாள் குருவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து. அடுத்தவளும் எட்டு. அதற்கடுத்தவளும் எட்டு. தன்னுடைய விசுவாசம் பொடிக்காய் என்று எவள் சொல்லுவாள்? அளவுகோலில் ஏழுக்கு மேல் கிடையாது என்று இனியவன் தலையில் கை வைத்துக்கொண்டான். மொக்கச்சாமிக்கு உச்சி குளிர்ந்தது. எல்லாம் பொய்ச் சரக்கு என்று அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான் அல்லவா.

கடைசியில் முத்துப்பேச்சி வந்து எதிரில் உட்கார்ந்தாள். புருசனே கேட்டு எழுதுகிறதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லையா என்று இனியவன் முறைப்படி விசாரித்தான். "கேக்கட்டும்" என்றாள்.

ஆவி இறங்குவது எத்தனை எம்.எம். என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "சில நா எறங்கும். சில நா ஒண்ணுமே இருக்காது. சும்மா உக்காந்திருப்பேன். மூணு, நாலுன்னு போடுங்க." அத்தனை பேரில் உண்மையான எண் அது ஒன்றுதான். சரக்கு பார்த்துப் பழகின அவருக்கு அது கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. அதை அவர் ரசிக்கவில்லை.

அடுத்த பக்கத்தில் நோயைப் பற்றிய கேள்விகள். இக்குழுவில் சேரும் முன் கடும் நோய் கண்டதுண்டா? யார் பராமரித்தார்?

"கொரோனா" என்றாள் முத்துப்பேச்சி. "பதினோரு நா லைன் வீட்டுல கெடந்தேன். ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல. சின்ராசு அண்ணன்தேன் உள்ள வந்து கஞ்சி ஊத்துனாரு. அப்ப அவரு பாஸ்டருமில்ல, ஒண்ணுமில்ல. வெறகு தள்ளுற ஆளு. என் துணியெல்லாம் அலசிப் போட்டது குருவம்மா அக்கா."

மொக்கச்சாமி எழுதினார். கஞ்சி என்ற வார்த்தையை எழுதும்போது இனியவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வரி இப்படி இருந்தது: நெருங்கிய உறவினர் வந்தனரா? இல்லையெனில் காரணம். அதை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. இதில் என்ன கேட்க இருக்கிறது? 'ஊரடங்கு. செக்போஸ்ட் அடைப்பு. பாஸ் கிடைக்கவில்லை' என்று தானாகவே எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனார். நாலு வருசமாக ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கே நெஞ்சில் பதிந்துபோன காரணம்.

"அத அடிச்சிருங்க" என்றாள் முத்துப்பேச்சி.

"எத?"

"செக்போஸ்ட் அடைப்புன்னு எழுதியிருக்கீகள்ல, அத."

கைநாட்டு வைக்கிறவளைத்தான் அவர் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து தலைகீழாக இருக்கிற எழுத்தை வாசிக்கிறாள்.

"நீ எப்ப வாசிக்கப் படிச்ச?"

"வேதம் வாசிக்கணும்ல. ரெண்டு வருசமாச்சு. நீங்க கேக்கல." அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "ஆறாம் நா மத்தியானம் ஸ்டோர் வாசல்ல லாரி வந்து நின்னுச்சு. 'இந்த மூட்டையில ஈரமிருக்கு, வேற பிரி'ன்னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. சரக்கு வண்டிய விட்டாகள்ல, அதுல வந்திருக்கீக. கூப்புட்டுப் பாத்தேன், தொண்டையில சத்தம் வரல. எந்திரிச்சு சன்னலப் புடிச்சு நின்னேன். நீங்க மூட்டைய ஏத்தி, வாய்த்துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, லைன் பக்கம் ஒருக்கா திரும்பிப் பாத்துட்டு ஏறிட்டீக."

ஸ்டோருக்கும் லைனுக்கும் நடுவில் எண்பது தப்படி இருக்கும். அந்த எண்பது தப்படியை மொக்கச்சாமி நாலு வருசமாக எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். மூட்டைக்குள் கைவிட்டு எவன் சரக்கிலும் ஈரம் கண்டுபிடிக்கிறவருக்கு, தன் சரக்கை எவரும் பிளந்து பார்க்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

"இத ஏன் நீ அப்பவே கேக்கல?" என்றார் தாளைப் பார்த்தே.

"கேட்டா பொய் சொல்லுவீக. அதையும் நான் கேட்டுக்கிட்டுல்ல இருக்கணும்."

இனியவனின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை, ஆராய்ச்சிக்காரன், அவ்வளவுதான். "அருமையான தரவு சார் இது! ரோமாபுரியில நடந்தது அப்படியே இங்க நடந்திருக்கு. ஒரு வார்த்தை விடாம எழுதுங்க."

மொக்கச்சாமி செக்போஸ்ட்டை அடித்தார். அவள் சொன்னதை எழுதினார். ஈரமிருந்த மூட்டையையும் எழுதினார், வாய்த்துணியையும் எழுதினார். சட்டைப்பையில் தோட்டுக் கவர் கிடந்தது. அதை வெளியே எடுக்க இனி தனக்கு முகமில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசி வரி மட்டும் மிச்சமிருந்தது. அதை அவர் வாசிக்கத் திணறுவதைப் பார்த்து, முத்துப்பேச்சி தாளைத் தன் பக்கம் திருப்பி, விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

"வாழ்க்கைத்... துணையின்... ஆதரவை... மதிப்பிடுக. ஒன்று முதல் ஏழு வரை."

வாசித்துவிட்டுத் தாளைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினாள். "இத நீங்களே போட்டுக்கிருங்க. தரம் பாக்குற கை ஒங்களதுதான்" என்று எழுந்தாள். கொட்டகைக்குப் பின்னால் பாத்திரம் கழுவ ஆள் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

வாழ்நாளில் எந்தச் சாம்பிளுக்கும் எடுக்காத நேரத்தை மொக்கச்சாமி அந்த ஒரு வரிக்கு எடுத்தார். பிறகு ஒரு முட்டையைப் போட்டுத் தாளை நீட்டினார்.

இனியவன் வாங்கிப் பார்த்தான். "அளவுகோல்ல பூஜ்யம் கிடையாது சார். குறைஞ்சது ஒண்ணு போடணும்" என்று சொல்லி, அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதிக்கொண்டான்.