குரைத்துப் பார்க்கும் காவலாளி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எழுதின கை ஒரு வாரத்துக்கு முதுகு சொறியக்கூட உதவாமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் மனுஷனால் செய்ய முடியாது.

பறவைகள் சரணாலயத்து வாசலில் பத்தொன்பது வருஷம் காவல் நின்றவரை எல்லாரும் லொள்ளுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வீட்டுப் பிராணி எதுவும் உள்ளே போகக்கூடாது. கயிற்றில் கட்டிக்கொண்டும் கூடாது, இடுப்பில் தூக்கிக்கொண்டும் கூடாது. ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடுகிற ஜாதி. நாயைக் கண்டால் எழுந்து பறந்துவிடும். முட்டை வெயிலில் வீணாகப் போகும்.

ஜனங்கள் கேட்டால்தானே? கூடையில் கடத்தினார்கள், குழந்தை வண்டியில் கடத்தினார்கள். ஒரு அம்மாள் கொண்டைக்குள்ளேயே ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு வந்தாள். லொள்ளுக்காரர் பார்த்தார். ஒவ்வொரு பையிடமும் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல, தானே மெல்ல ஒருமுறை குரைப்பார். ஒளிந்திருக்கிற நாய்க்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருமுறை ஒரு பஞ்சு பொம்மை நாய் வாலை ஆட்டிவிட்டது. அதையும் திருப்பி அனுப்பினார்.

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி கிளம்பிப் போனதில்தான் வினை ஆரம்பித்தது. அவள் செல்லமாக வளர்த்த நாய் குண்டன் தனியாக இருந்தால் ஊளையிடும். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் கத்திரிக்கோலோடு வந்து நின்றார். ஒரு நாளைக்குத்தானே என்று லொள்ளுக்காரர் குண்டனைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக் கொண்டுவந்து, காவல் அறை அலமாரியில் படுக்க வைத்தார். அந்த ஒரு நாள் பதினோரு நாளாகியும் முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கிழட்டு நாயொன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதுக்குக் கண்ணும் இல்ல, பல்லும் இல்ல. உள்ள கொண்டு போகமாட்டேன். உங்க ரூம் ஓரமா பத்து நிமிஷம் படுத்துக்கட்டும். பறவையப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

"ரூமும் சரணாலயத்துல சேர்ந்ததுதான் ஐயா."

"பாதி நாய்தான் மிச்சம் இருக்கு. பாதிக்குமா சட்டம்?"

"சட்டம்னா சட்டம். என் வீட்டு நாயா இருந்தாலும் வெளியதான் நிக்கணும்!"

சொன்ன வாயின் ஈரம் காயவில்லை. டிரைவர் எதிரே இருந்த மரத்தடிக்கு நகர்ந்தார். அதற்குள் மேலதிகாரி அம்மாவின் ஜீப் வந்து நின்றது. கூடவே ஐந்து விருந்தாளிகள்.

"இவர்தான் நான் சொன்னவர். மெஷினே வேணாம், இவரு குரைச்சா போதும். எங்க, ஒரு தடவை காட்டுங்க."

"தொண்டை கட்டிக்கிச்சும்மா."

"அட, கூச்சப்படாதீங்க."

பூனை தும்மினதுபோல ஒரு 'லொள்' வந்தது. தொப்பி போட்ட விருந்தாளி சிரித்தார். "இதைக் கேட்டா நாய் பதில் சொல்லாதுங்க, மருந்து எழுதிக் குடுக்கும்."

லொள்ளுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அலமாரி மறந்துபோனது. பத்தொன்பது வருஷத்தையும் அடிவயிற்றில் திரட்டி ஒரு குரைப்புக் குரைத்தார். ஜீப் ஹாரன் தானாகவே அலறியது.

அலமாரி பதில் சொன்னது.

கதவைப் பெயர்த்துக்கொண்டு குண்டன் பாய்ந்தது. மேலதிகாரியின் கால்களுக்கு நடுவே நுழைந்து சதுப்புக்குள் ஓடியது. நாற்பதாயிரம் பறவைகள் ஒரே சமயத்தில் எழுந்ததில் சூரியன் மறைந்துவிட்டது. தெருவிளக்கெல்லாம் எரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாயங்காலம் ஆகிவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

லொள்ளுக்காரர் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதையோரம் நாலு முட்டைகள் இருந்த இடத்தில் இரண்டுதான் முழுசாக இருந்தன. மற்ற இரண்டையும் குண்டன் மிதித்திருந்தது. தாய்க்குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது.

மரத்தடியிலிருந்து டிரைவர் வந்தார். இப்போது கேட்பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார் என்று லொள்ளுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டால் பாரம் குறையும் என்றுகூட இருந்தது.

டிரைவர் வாசல் கோட்டைத் தாண்டாமல் நின்றார்.

"தம்பி, நம்ம நாய மரத்துல கட்டிட்டேன். உள்ள வரலாமா? உள்ள ஓடினதப் புடிக்க ஒரு கை குடுக்கறேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

குண்டனை இருவருமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மேலதிகாரி திட்டவில்லை. "விதி மீறினவங்க நோட்டு எங்க?" என்று மட்டும் கேட்டாள். லொள்ளுக்காரரே எடுத்து, தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. 'என் வீட்டு நாய்' என்று எழுதி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

வேலை போகவில்லை, குரைப்புதான் போனது. பையிடம் குனிந்தால் காற்றுதான் வருகிறது. டிரைவர் தினமும் வருகிறார். நாயை மரத்தில் கட்டிவிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே பையைத் திறந்து நீட்டுகிறார். "பாத்துக்குங்க தம்பி." கிண்டலே இல்லாத குரல். லொள்ளுக்காரர் பையைப் பார்ப்பதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வழிவிடுகிறார்.

அந்தச் சரணாலயத்துக்கு அன்றும் சரி, இன்றும் சரி, வேலியும் கிடையாது, வாசலும் கிடையாது, காவலாளியும் கிடையாது. இதை எழுதி முடித்ததிலிருந்து எனக்கு முதுகு அரிக்கிறது, கைதான் எட்டமாட்டேன் என்கிறது.